பதினெட்டு வீடுகளின் வெங்காயம்

போன மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை வழிகாட்டும் கூட்டமாம், பழைய மாணவி என்ற முறையில் நான் வந்து பேச வேண்டுமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் வாசலறையில், ஒப்பந்தக்காரர் வைத்த ஆளாக உட்கார்ந்து, உள்ளே வரும் லாரியின் எண்ணையும் வெளியே போகும் லாரியின் எண்ணையும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பவள் நான். மேசையைக் காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடியும் வெள்ளையாகப் பொடி படிந்துவிடும். இதில் யாருக்கு என்ன வழியைக் காட்டுவது? ஆனாலும் போனேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கூப்பிட ஆள் இருந்தால் போகத்தானே தோன்றும்.

பேங்க் பரீட்சை, குரூப் நாலு, பி.எட்., கூட்டுறவுப் பயிற்சி, இன்சூரன்ஸ் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அக்கா, இன்டர்ன்ஷிப் போனா வேலை கெடைக்குமாக்கா?” என்று கேட்டாள். “நல்லா செஞ்சா கண்டிப்பா கெடைக்கும்மா” என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு நிம்மதி இல்லை. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டிய கதை வேறு. அதைச் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நான் பொருளாதாரத்தில் சேர்ந்ததே விருப்பப்பட்டு இல்லை. பி.காம். கேட்டேன், மார்க் பத்தவில்லை என்று இதைக் கொடுத்தார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். வேப்பந்தட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில், “பொருளாதாரமா? அப்ப இனிமே வூட்டுச் செலவ நீயே பாத்துக்கலாம்” என்று சித்தப்பா முறையாகும் ஒருவர் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு வருடம் நோட்ஸைப் பார்த்துத் தேவைக்கோடு, அளிப்புக்கோடு என்று வரைந்து வரைந்து பாஸ் பண்ணினேன். அந்தக் கோடுகளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாகத் தோன்றியதே இல்லை.

மூன்றாம் வருடம்தான் அது வந்தது. சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், பெரம்பலூர் மாவட்டத்து விவசாய வீடுகளைப் பற்றி ஒரு ஆய்வு செய்கிறது, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத மாணவர்கள் எட்டுப் பேர் வேண்டும், ஒரு மாதம் இன்டர்ன்ஷிப். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. எட்டுப் பேரில் நன்றாகச் செய்யும் ஒருவரைச் சென்னைக்கே அழைத்து ஒரு வருடம் ஆராய்ச்சி உதவியாளராக வைத்துக்கொள்வார்கள், தங்குமிடமும் அவர்களே தருவார்கள் என்று. முதலில் அந்த வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா ஒரு சான்றிதழ் கிடைக்குமே என்றுதான் பேர் கொடுத்தேன்.

பயிற்சி நாளன்று என் புத்தி மாறியது. சென்னையிலிருந்து எங்களை மேற்பார்வை செய்ய வந்திருந்த மேடம் எங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். சுடிதாருக்குக் கீழே ஓடுவதற்கான ஷூ போட்டிருந்தார். அவர் தன் லேப்டாப்பைத் திறந்து, வேறொரு மாவட்டத்தில் செய்து முடித்த ஆய்வின் வரைபடத்தைக் காட்டினார். திரை முழுக்கப் புள்ளிகள். ஒரு புள்ளியைத் தொட்டார். அது ஒரு வீடு. அந்த வீட்டில் எத்தனை பேர், என்ன பயிர், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது எல்லாம் வரிசையாக வந்தது. பெயர் மட்டும் இல்லை. “நீங்க கேட்டு எழுதுற ஒவ்வொரு பதிலும் இப்படி ஒரு இடத்துல வந்து உக்காரும்” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. இரண்டு வருடமாக நான் மனப்பாடம் செய்த பாடத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன், அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். சென்னை கூட வேண்டாம், கடலைப் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அந்தப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டும். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னாலும் ஆசைப்பட்டதில்லை, அதற்குப் பின்னாலும் ஆசைப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. “ஒனக்குப் புடிச்சிருக்குல்ல பாப்பா? அப்ப செய்யி” என்றார். அம்மா, “மெட்ராசுல சோறு யாரு ஆக்கிப் போடுவா?” என்று கேட்டாள். வேலையே கிடைத்துவிட்ட மாதிரி நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

என்னோடு ஜோடியாகப் போனவள் என் வகுப்புத் தோழி. திருமானூர்க்காரி, கொள்ளிடக்கரை. பெரம்பலூரில் அவளுடைய மாமா வீட்டில் தங்கிப் படித்தாள், மாமா வீட்டு ஸ்கூட்டியும் அவளிடம் இருந்தது. காலையில் என்னை ஏற்றிக்கொள்வாள். வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர்களில் மக்காச்சோளக் கொல்லைக்கும் பருத்திக் கொல்லைக்கும் நடுவில் போகும் பாதையில் அந்த ஸ்கூட்டி பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். கேள்விகள் எல்லாம் அதில் இருக்கும், பதிலைத் தட்ட வேண்டும். “கடந்த பருவத்தில் உங்கள் பிரதான பயிரின் மொத்த விளைச்சல் எவ்வளவு?” என்று நான் படித்தால், “என்னம்மா ரேடியோ மாதிரி பேசுற?” என்பார்கள். ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் சோளம், ஒரு வீட்டில் நாய்க்குப் பயந்து ஓட்டம். நல்ல நாட்கள் அவை. காலில் கொப்புளம் வந்தது, அதுவும் பிடித்திருந்தது.

ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. சொந்த வீட்டில் நானே கேட்கக் கூடாது என்பது விதி. தோழி போய்க் கேட்டாள், நான் வாசலிலேயே நின்றேன். எங்கள் பக்கம் சின்ன வெங்காயம்தான் பிரதானம். பிடுங்கியதும் விற்காமல், விலை ஏறும் வரைக்கும் கொல்லையிலேயே பட்டறை போட்டு வைப்போம். கம்பும் படலும் வைத்து நீளமாக ஒரு அடைப்புக் கட்டி, அடியில் காற்றுப் போக இடம் விட்டு, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்றுப் போட்டு மூடுவதற்குப் பட்டறை என்று பேர். எங்கள் பட்டறையில் அந்த வருடம் நாற்பத்தேழு மூட்டை இருந்தது. கொட்டும்போது நானும் கூட நின்றேன்.

“வெங்காயம் எத்தன மூட்டைங்கய்யா?” என்று தோழி கேட்டாள்.

“ஏதோ வந்துச்சும்மா” என்றார் அப்பா.

“எத்தனன்னு எழுதணும்ங்கய்யா.”

“ஒரு முப்பது இருக்கும். முப்பதுன்னு போட்டுக்க.”

அவளும் முப்பது என்று போட்டுவிட்டு வந்தாள். ஸ்கூட்டியில் ஏறும்போது, “அடியே, அது பொய். நாப்பத்தேழு” என்றேன். அவள் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். “ஒங்கப்பா பொய் சொல்றாரா? எதுக்குடி?” என்றாள். அவளுக்கு அது புரியாது. அவர்கள் நெல் போடுகிறவர்கள். கொள்முதல் நிலையத்தில் ஊரே வரிசையில் நிற்கும்போது எடை போடுவார்கள், யாருக்கு எத்தனை மூட்டை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வெங்காயம் அப்படி இல்லை. இன்னும் விற்காத சரக்கு, கீற்றுக்குக் கீழே இருக்கிறது, மழையோ புழுக்கமோ பட்டால் ஒரு வாரத்தில் அழுகிவிடும். அதன் கணக்கை வாய் விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடும். யார் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும், அவரும் மனதுக்குள் கூட்டிக்கொள்வார். கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே இப்படித்தான். இதைப் பொய் என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் நினைப்பதில்லை.

அங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் யோசித்தேன். மற்ற வீடுகளிலும் இப்படித்தான் குறைத்துச் சொல்வார்கள். அந்த முப்பதை நானும் முப்பது என்றே எழுதினால், சென்னையில் அந்தத் திரையில் முப்பது என்றுதான் வந்து உட்காரும். மேடம் அதைத் தொட்டுப் பார்ப்பார், நம்புவார். அந்தப் புள்ளி பொய்ப் புள்ளி. என் கையால் எழுதிய புள்ளி பொய்யாக இருக்கலாமா? மற்ற ஏழு பேருக்கும் ஊர் நடப்புத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்படியானால் சரியாக எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். இந்த ஒன்றிலேயே நான் முந்திவிடுவேன் என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

எனக்குக் கிடைத்த வீடுகளில் வெங்காயம் போட்டவை பதினெட்டு. அவர்கள் சொன்ன கணக்கோடு பாதியைக் கூட்டி எழுதினேன். இருபது என்றால் முப்பது. முப்பத்தாறு என்றால் ஐம்பத்து நாலு. அப்பா சொன்னதுக்கும் உள்ளதுக்கும் நடுவில் ஏறக்குறையப் பாதிதான் வித்தியாசம், அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். தோழி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள். “ஏண்டி, அந்தத் தாத்தா இருபத்தி நாலுன்னாரு, நீ முப்பத்தாறு போடுற?” என்றாள். “அவருக்கு வெக்கம்டி” என்றேன். “அவங்க சொன்னத எழுதுடி, நமக்கெதுக்கு வம்பு?” என்றாள். “ஒனக்கு நெல்லுதான் தெரியும், வாய மூடிட்டு வண்டிய ஓட்டு” என்று நான் அதட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் குணம் அப்படி.

கடைசி வாரம் மேடம் எனக்குப் போன் செய்தார். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அந்த ஒரு இடம் எனக்குத்தான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

“ஒவ்வொருத்தர் போன வீட்டுலயும் நாலஞ்சு வீட்டுக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிச் சரி பார்ப்போம். உன்னோடதுல அஞ்சு வீடு கூப்பிட்டாங்க. அஞ்சும் தப்பு. அஞ்சுலயும் நீ கூடுதலா எழுதியிருக்க. நீ அந்த வீடுகளுக்குப் போனியா, இல்ல உக்காந்த இடத்துலயே எழுதிட்டியா?”

“சத்தியமா எல்லா வூட்டுக்கும் போனேன் மேடம். நான் எழுதினதுதான் நெசம். அவங்க சொன்னதுதான் பொய்” என்றேன். அப்பா சொன்னது, பட்டறையில் உள்ளது, கண்ணு படுவது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“சரி. எவ்ளோ கூட்டின?”

“பாதி மேடம்.”

“எல்லாருக்குமா? எல்லாரும் ஒரே அளவா பொய் சொல்லுவாங்களா?”

அதை நான் யோசிக்கவே இல்லை. கஷ்டத்தில் இருப்பவன் எவ்வளவு மறைப்பான், வசதிக்காரன் எவ்வளவு மறைப்பான், யாராவது ஒருத்தன் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருப்பானா, எதுவும் தெரியாமல் பதினெட்டு வீட்டுக்கும் என் அப்பாவின் பொய்யையே அளந்து ஊற்றியிருக்கிறேன்.

“ஒவ்வொரு வீட்டுக் கேள்வி முடிஞ்சதும் கடைசியில ‘குறிப்பு’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சே, பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேன் மேடம்.”

“அதுல என்ன எழுதின?”

அவர் திரையை உருட்டிக் காட்டினார். இல்லை. இல்லை. இல்லை. பதினெட்டு வீட்டிலும் நான் ‘இல்லை’ என்றே எழுதியிருந்தேன். “இப்ப என்கிட்ட சொன்னத அங்க நாலு வரி எழுதியிருந்தா போதும்மா. அவங்க சொன்ன கணக்க அப்படியே போட்டுட்டு, கீழ ‘இந்த ஊரில் பட்டறைக் கணக்கைக் குறைத்துத்தான் சொல்வார்கள்’னு எழுதியிருந்தா, நானே உன்னக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன். இது தெரியாமத்தான் நாங்க இவ்ளோ நாளா கணக்குப் போட்டுட்டு இருக்கோம்” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பதற்கு ஒரு கட்டம் வைத்திருப்பார்கள், அதை யாராவது படிப்பார்கள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. பரீட்சைத் தாளின் ஓரத்தில் கூட நான் ஒரு வார்த்தை சொந்தமாக எழுதியவள் இல்லை.

நான் அழுவதைப் பார்த்து அவர் ஒரு வழி சொன்னார். நாளை மறுநாள் அவர் கிளம்புகிறார். அதற்குள் ஒரு வீட்டிலாவது அந்த வித்தியாசத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், வீட்டுக்காரரே தன் வாயால் உண்மைக் கணக்கைச் சொல்ல வேண்டும். அப்படி நடந்தால் தன் அறிக்கையோடு சேர்த்து என் பெயரையும் மேலே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். “யார் வீட்டுக்குப் போலாம்?” என்று கேட்டார். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்காக வாய் திறக்கக்கூடிய வீடு ஒன்றுதானே உண்டு?

மறுநாள் காலையில் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா அப்போதுதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். மேடம் நல்லபடியாகத்தான் கேட்டார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “முப்பதுதாங்கம்மா. அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டார். அன்றைக்குச் சொன்னதையே மாறாமல் சொன்னால் மகளுக்குப் பெருமை என்று நினைத்திருப்பார்.

“அப்பா, உள்ளதச் சொல்லுங்கப்பா” என்றேன். “மெட்ராசு ஆபீஸ்லேர்ந்து ஊருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு, நான் எழுதினது தப்புங்கறாங்க. எனக்கு அந்த வேலை இதுலதாம்ப்பா இருக்கு.”

அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பிறகு அப்பா கொல்லைப்பக்கம் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். பட்டறையின் மேலே போட்டிருந்த கீற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். வெயில் உள்ளே விழுந்தது, வெங்காயம் சிவப்பாகப் பளபளத்தது. எந்த மூட்டையை எங்கே கொட்டினோம் என்பது அவருக்கு மனப்பாடம். படலின் மேல் கையை வைத்து, ஒரு முனையிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எங்கள் ஊரில் விளைச்சலை எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். “லாபம்” என்றார். “ரெண்டு. மூணு.” நாற்பதைத் தாண்டும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நாற்பத்தேழு என்று சொல்லி முடித்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு வெளியாளுக்கு முன்னால் என் அப்பா வேட்டியை அவிழ்த்துக்கொண்டு நின்ற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார், போட்டோ எடுத்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, “நான் எழுதறேன், என்னால முடிஞ்சத எழுதறேன்” என்றார். நல்ல மனுஷி. எழுதியும் இருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எட்டுப் பேருக்கும் சான்றிதழ் உண்டு, எனக்கும் வந்தது. நான் எழுதிய பதினெட்டு வெங்காய வீடுகளையும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்களாம். சென்னைக்குத் தேர்வானவள் திருமானூர்க்காரி. ஒரு தவறும் இல்லாமல், சொன்னதைச் சொன்னபடி எழுதியவள் அவள்தான். கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு முன்னால் அவள்தான் அழுதாள். “போடி லூசு, போயி ஒழுங்கா வேலையப் பாரு” என்று அவளை நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது. அவளை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன், கையாட்டினேன். பஸ் திரும்பி மறைந்த பிறகு பொதுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன புதிதில் அவள் தன் மேசையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு திரை. திரையில் எங்கள் மாவட்டம். நான் அதை விரலால் பெரிதாக்கி, வேப்பந்தட்டைப் பக்கம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். பெரிதாக்கினால் மங்கலாகிவிட்டது. ஆனாலும் என் பதினெட்டு வீடுகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பது எனக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வேலைக்கு எழுதிப் போட்டேன். பேங்க் பரீட்சை மூன்று தடவை, குரூப் நாலு இரண்டு தடவை. அரியலூரில் இந்த வேலை கிடைத்தது, சேர்ந்துகொண்டேன். குறை சொல்ல மாட்டேன், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரி எண்ணைத் தட்டும்போது சில சமயம், இந்த லாரிக்காரர் வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர், பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும் போல இருக்கும். அதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. இன்னும் அந்த ஏக்கம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அந்த வருடம் கோடையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. எங்கள் பட்டறையில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது. தெருவில் நுழையும்போதே நாற்றம் வரும். “அன்னிக்கு எண்ணாதீங்கன்னு தலைய ஆட்டுனேன்” என்று அம்மா ஆரம்பித்தாள். “மழை நம்ம பட்டறைக்கு மட்டுமா பேஞ்சுது? ஊருக்கே பேஞ்சுது. பேசாம இரு” என்றார் அப்பா. அத்தோடு சரி. என் காதுபட அந்தப் பேச்சு மறுபடி வந்ததில்லை. அழுகியதை அள்ளிக் கொட்டும்போது நானும் கூட அள்ளினேன். அப்பா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது, அதை நான் கவனிக்க வருடக்கணக்கானது. நான் அரியலூரில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருகிறவள். டீக்கடையில் யாராவது விளைச்சலைக் கேட்டால் அப்பா முழுக் கணக்கையும் சொல்லிவிடுகிறார் என்று அம்மாதான் குறைப்பட்டுக்கொண்டாள். “ஊரே சிரிக்குது. இந்த மனுசனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல” என்றாள். வயதாகிறது, பிடிவாதம் கூடுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

கல்லூரிக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தேனே, அதற்கு அடுத்த ஞாயிறு. அப்பா பிடுங்கிய வெங்காயத்தின் காய்ந்த தாளை உதறிக்கொண்டிருந்தார். கட்டிலின் மேல் கிடந்த அவருடைய போன் அடித்தது, தெரியாத எண். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரு பெண் குரல், சென்னையிலிருந்து பேசுவதாகச் சொன்னது. ஏதோ ஒரு கார்டு வாங்கிக்கொள்ளச் சொல்லும் அழைப்புதான், எனக்கும் தினம் நாலு வருகிறது. “வச்சிடுங்கப்பா” என்றேன். அப்பா கையமர்த்தினார். வெங்காயத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்தப் பெண் மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்து முடிக்கும் வரைக்கும் மரியாதையாகக் கேட்டார். “உங்களுக்கு இதுல விருப்பமா சார்?” என்று அவள் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்த வருசம் அம்பத்தி மூணு மூட்டைங்கம்மா. கொறச்செல்லாம் சொல்லல. எப்பக் கேட்டாலும் இப்புடித்தான் சொல்லுவேன். எம் பொண்ணு அன்னிக்கு எழுதினது சரிதான்னு அங்க ஆபீஸ்ல சொல்லிடுங்கம்மா.”